வானில் ஒரு வழித்துணை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழாவில் பேசுவோர் பெரும்பாலும் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுவர். கழகத்தின் வரலாற்றை எடுத்துரைக்கத் தக்க பெரியோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். சிறிய விமானங்களை ஓட்டுவோர், தம் அருகே வரும் பிற விமானங்களை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் பொருட்டுத் தம் கையாலேயே செய்துகொண்ட ஒரு கருவியைப் பற்றியது இவ்வுரை. "நமக்கும் விமானத்திற்கும் என்ன தொடர்பு?" எனச் சிலர் எண்ணக்கூடும். அத்தொடர்பை நமக்குக் காட்டியவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில், பள்ளி முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். உயரே இரண்டு விமானங்கள் சென்றன. அவற்றின் வெண்புகைக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவன போலத் தோன்றின. அம்மாணவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயா, மேலே ரோடும் இல்லை, கைகாட்டியும் இல்லை. அந்த ரெண்டும் ஒன்றையொன்று எப்படிப் பார்த்துக்கொள்ளும்?" என்று கேட்டான். நாம் வரலாறு பயின்று பி.ஏ., பி.எட். பட்டம் பெற்றவர்கள். விடை தெரியவில்லை. நாளை சொல்வதாகக் கூறி வகுப்பிற்குச் சென்றோம். அந்த 'நாளை' வருவதற்குப் பல மாதங்கள் ஆயின. தேடிப் படித்து அறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

வானம் பரந்தது, அதில் இரண்டு விமானங்கள் மோதிக்கொள்ளுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. மோதியதுண்டு. நம் நாட்டிலேயே, 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை, அரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரி எனும் ஊரின் மேலே சவூதி அரேபிய விமானம் ஒன்றும் கசகஸ்தான் விமானம் ஒன்றும் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். 15,000 அடி உயரத்தில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம், அதற்கும் கீழே இறங்கியதே அப்பேரிடருக்கு வழிவகுத்தது. அவை பெரிய விமானங்கள். தரையிலிருந்து வழிகாட்டுவோர் இருந்தனர். அவற்றிற்கே இந்நிலை என்றால், இரண்டு பேரோ நான்கு பேரோ மட்டும் அமரக்கூடிய சிறிய விமானங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

சிறு விமானங்கள் அமெரிக்க நாட்டில் மிகப் பல. விவசாயி, மருத்துவர், இயந்திரத் தொழிலாளி எனப் பலரும் உரிமம் பெற்று அவற்றை ஓட்டுகின்றனர். நல்ல வானிலையில், பெரிய நிலையங்களை விட்டு விலகிப் பறக்கும்போது, எதிரே வருவதைக் கண்ணால் பார்த்து விலகிச் செல்வதே அவர்களுக்குரிய அடிப்படை விதியாகும். 'பார், விலகு' என்று அதனைச் சுருக்கமாகக் கூறலாம். கேட்பதற்கு எளிய விதி. ஆயின் மனிதக் கண் அதற்கு ஈடுகொடுக்குமா?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பொருள் கண்ணில் பட்டு, அது விமானம் என்று உணர்ந்து, மோத வருகிறது என்று தெளிந்து, எப்பக்கம் திரும்புவது என முடிவு செய்து, கையை அசைத்து, விமானமும் திரும்பத் தொடங்குவதற்கு மொத்தம் 12.5 விநாடிகள் வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் அறிவுரை ஏடு கணக்கிட்டுள்ளது. மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் இரு சிறு விமானங்கள் நேர் எதிரே வருமானால், இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு மணிக்கு 440 கிலோமீட்டர் வேகத்தில் குறைகிறது. 12.5 விநாடிகளில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் கரைந்துவிடும். ஆகவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலேயே எதிரியைக் கண்டுவிடுதல் வேண்டும்.

அத்தொலைவில் அது எவ்வளவு பெரிதாகத் தெரியும்? இதனை நம் வகுப்பிலேயே செய்து பார்த்தோம். கையை நீட்டி அடிக்கோலைப் பிடித்துக்கொண்டால், கண்ணிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் தொலைவு. 10 மீட்டர் இறக்கை அகலமுடைய விமானம் 1,500 மீட்டர் தொலைவில், அந்த அடிக்கோலில் 4 மில்லிமீட்டர் அளவே காட்டும். அதுவும் இறக்கை முனையிலிருந்து முனை வரையிலான அகலம். நேர் எதிரே வருகையில் இறக்கையின் கனம் மெல்லிய கோடு. உடற்பகுதி ஒரு புள்ளி. மாணவர்கள் அடிக்கோலைப் பார்த்துச் சிறிது நேரம் பேசவில்லை.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. மோதும் வழியில் வரும் விமானம், ஓட்டுபவரின் கண்ணாடியில் அசையாத புள்ளியாகவே தோன்றும். ஊரில் இரண்டு பாதைகள் கூடும் முனையை நோக்கி இருவர் மிதிவண்டியில் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர் நம் பார்வையில் முன்னே நகர்ந்தால் அவர் முந்துவார். பின்னே நகர்ந்தால் நாம் முந்துவோம். முன்னும் பின்னும் நகராமல் ஒரே திசையில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால், முனையில் இருவரும் மோதுவோம். அசையும் பொருளைக் கண் எளிதில் காண்கிறது; அசையாத பொருளைத் தவறவிடுகிறது. எது ஆபத்தானதோ அதுவே கண்ணுக்குப் புலப்படாது போகிறது. இதில் ஓட்டுபவரின் சோம்பலும் இல்லை, பிழையும் இல்லை. இயற்கை நமக்கு அளித்த கண்ணின் எல்லை அது.

1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரருகே செரிட்டோஸ் எனும் ஊரின் மேலே, தரையிறங்க வந்துகொண்டிருந்த மெக்சிகோ நாட்டுப் பயணிகள் விமானமும், 3 பேர் சென்ற சிறு பைப்பர் விமானமும் மோதின. பெரிய விமானத்தில் இருந்த 64 பேரும், சிறு விமானத்தின் மூவரும், தரையில் தம் வீடுகளில் இருந்த 15 பேரும் ஆக 82 பேர் மாண்டனர். பைப்பர் விமானம், அனுமதி பெற்றே நுழைய வேண்டிய வான்பகுதிக்குள் அறியாமல் நுழைந்துவிட்டது. அதில் ராடாருக்கு விடையளிக்கும் டிரான்ஸ்பாண்டர் எனும் கருவி இருந்தது. ஆனால் அது தன் உயரத்தைக் கூறும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. 'பார், விலகு' எனும் முறையின் குறைபாட்டையும் விசாரணையாளர் காரணங்களுள் ஒன்றாக எழுதி வைத்தனர்.

அதன் பின்னர் அமெரிக்காவின் பெரிய பயணிகள் விமானங்களில், அருகிலுள்ள டிரான்ஸ்பாண்டர்களை வினவி, விடை பெற்று, மோதலைத் தவிர்க்க ஆணையிடும் கருவி 1993ஆம் ஆண்டின் இறுதிக்குள் பொருத்தப்பட்டது. நல்ல கருவிதான். ஆனால் அதன் விலையைப் பெரிய நிறுவனங்களே தாங்க வல்லன. பழைய சிறு விமானம் ஒன்றைச் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கியவருக்கு அது எட்டாக் கனியாயிற்று. உயிரின் விலை எல்லோருக்கும் ஒன்றே. உயிரைக் காக்கும் கருவியோ வசதியுள்ளவருக்கே வாய்த்தது.

இந்நிலையை மாற்றியது ஓர் எளிய எண்ணம். மின்விளக்கு வாராத காலத்தில், அமாவாசை இருட்டில் வரப்பின்மேல் நடந்து வருபவர் என்ன செய்வார்? குரல் கொடுத்துக்கொண்டே வருவார். எதிரே வருபவரும் குரல் கொடுப்பார். ஒருவரையொருவர் காணாமலே விலகிச் செல்வர். இதே முறையை வானில் கையாள்வதுதான் ஏ.டி.எஸ்.-பி. எனப்படும் ஏற்பாடு. ஒவ்வொரு விமானமும் செயற்கைக்கோள்களின் துணையால் தான் இருக்கும் இடத்தை அறிந்து, "நான் இன்னார், இவ்விடத்தில், இவ்வுயரத்தில், இவ்வேகத்தில் செல்கின்றேன்" என்று வானொலி அலையில் தானாகவே ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கும். எவரும் வினவ வேண்டியதில்லை.

இவ்வறிவிப்பு உலகெங்கும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நிகழ்கிறது. ஓர் அறிவிப்பு 112 இலக்கங்களைக் கொண்டது. ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1. முதல் 5 இலக்கங்கள் செய்தியின் வகையைக் கூறும். அடுத்த 3 அதன் தகுதியை உணர்த்தும். அதற்கடுத்த 24 அவ்விமானத்திற்கே உரிய அடையாள எண். பின்வரும் 56 செய்தி. இறுதி 24 பிழை நேர்ந்துள்ளதா எனச் சரிபார்ப்பதற்கு. இவையனைத்தும் 120 மைக்ரோ விநாடிகளில், அதாவது கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு துளியில், முடிந்துவிடுகின்றன. ஒரு மைக்ரோ விநாடியின் முற்பாதியில் அலை எழுந்தால் 1. பிற்பாதியில் எழுந்தால் 0. இதில் மறைபொருள் ஏதும் இல்லை. அறிவிப்பு பூட்டப்படாதது, செவியுள்ள எவரும் கேட்கலாம்.

அமெரிக்காவில், பெருநகர நிலையங்களைச் சூழ்ந்த வான்பகுதியிலும் 10,000 அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான பகுதியிலும் பறப்பவை இவ்வாறு அறிவித்தே ஆகவேண்டும் எனும் விதி 2010ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 2020ஆம் ஆண்டு சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 18,000 அடிக்குக் கீழே பறக்கும் சிறு விமானங்கள் 978 மெகாஹெர்ட்ஸ் எனும் வேறோர் அலைவரிசையிலும் அறிவிக்கலாம் என அந்நாடு இசைவளித்தது. ஆக, குரல் கொடுப்போர் பெருகினர். கேட்கும் செவிதான் தேவைப்பட்டது.

அச்செவி வந்த கதையை இளைஞர்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகின்றோம். ஐரோப்பாவில், கணினியில் தொலைக்காட்சி பார்ப்பதற்கென விரல் அளவுள்ள மலிவான ஏற்பி ஒன்று விற்கப்பட்டது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பின்லாந்து நாட்டு நிரலாளர் ஆன்ட்டி பலோசாரி, அதனுள் இருக்கும் சில்லு, தான் பெறும் வானொலி அலையைப் பக்குவப்படுத்தாமல் அப்படியே கணினிக்குத் தரவல்லது என்று கண்டார். அவ்வாறாயின், எந்த அலையைப் பெறுவது, அதனை எவ்வாறு பொருள் கொள்வது என்பதை மென்பொருளே முடிவு செய்யலாமன்றோ! தொலைக்காட்சிக் கருவி பொதுவான வானொலிச் செவியாயிற்று. அதனைத் தொடர்ந்து இத்தாலி நாட்டு நிரலாளர் சால்வதோரே சான்ஃபிலிப்போ, அச்செவியைக் கொண்டே விமானங்களின் 1090 அறிவிப்பைப் படிக்கும் நிரலை எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டார்.

அதே 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து 'ராஸ்பெர்ரி பை' எனும் சிறு கணினி வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும் பலகை. அன்றைய விலை 35 டாலர். கணினி அறிவியல் பயில வரும் மாணவரின் எண்ணிக்கையும் திறனும் குறைந்து வருவதைக் கண்டு வருந்திய சிலர், பிள்ளைகள் அஞ்சாமல் கையாண்டு கற்க வேண்டும் என்று ஆக்கியது அது. பள்ளிப் பிள்ளைகளுக்கெனப் பிறந்த பொருள் வானில் உயிர்காக்கப் பயன்படும் என்று அதனைச் செய்தோர் அன்று எண்ணியிருப்பரா?

இவ்விரண்டையும் இணைத்து, 2015ஆம் ஆண்டில் 'ஸ்ட்ராட்டக்ஸ்' என்ற பெயரில் ஒரு கருவித் திட்டம் அமெரிக்காவில் பிறந்தது. வரைபடமும் நிரலும் விலையின்றி வெளியிடப்பட்டன. கடையில் ஆயத்தமாக விற்கப்பட்ட ஏற்பிகள் அந்நாளில் பல நூறு டாலர் விலையுடையனவாக இருந்தன. இதற்கு வேண்டிய உறுப்புகளையோ ஏறத்தாழ 100 முதல் 150 டாலருக்குள் வாங்கிச் சிறு விமானிகள் பலர் தம் வீட்டு மேசையிலேயே கருவியை அமைத்துக்கொண்டனர்.

அதன் உறுப்புகளைக் கூறுவோம். மூளை, முன்பு கூறிய சிறு கணினி. செவிகள் இரண்டு, ஒன்று 1090க்கும் மற்றொன்று 978க்கும். ஒவ்வொரு செவிக்கும் ஓர் ஆன்டெனா. தான் இருக்கும் இடத்தை அறிய ஜி.பி.எஸ். ஏற்பி. காற்றழுத்தத்தை அளக்க ஒரு சிறு உணரி. மின்சாரத்திற்குக் கைப்பேசிக்குப் பயன்படும் பவர் பேங்க். அனைத்தையும் அடக்க ஒரு பெட்டி. அதில் ஒரு சிறு மின்விசிறி. நிரலை மெமரி கார்டில் பதித்துச் செருகினால் கருவி விழித்துக்கொள்ளும். அது கேட்டறிந்தவற்றை வைஃபை வழியே விமானியின் டேப்லெட்டிற்கு அனுப்பும். திரையில் நடுவே தன் விமானமும், சுற்றிலும் பிறவும், அவற்றின் உயர வேறுபாடும் தோன்றும். உணரியில் சில கம்பிகளைச் சால்டரிங் செய்வதைத் தவிர அருந்தொழில் ஏதும் இதில் இல்லை.

அருந்தொழில் இல்லை என்றோம். அறிவு வேண்டாம் என்று கூறவில்லை. ஆன்டெனாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியின் வேகத்தை அலைவரிசையால் வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும். 1090 மெகாஹெர்ட்ஸுக்கு அது 27.5 சென்டிமீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு, ஏறத்தாழ 6.9 சென்டிமீட்டர். அந்த அளவுக் கம்பித்துண்டே செவிக்கு ஏற்ற மடல். 978க்கு 7.7 சென்டிமீட்டர். பத்தாம் வகுப்பு இயற்பியல் நூலில் தேர்வுக்காக உருப்போடும் சூத்திரம், இங்கே கம்பியை எங்கே வெட்டுவது என்று கூறுகிறது.

காற்றழுத்த உணரி எதற்கு? ஜி.பி.எஸ். தானே உயரத்தைக் கூறுமே என்று கேட்கலாம். விமானங்கள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் உயரம் காற்றழுத்தத்தைக் கொண்டு கணித்தது, 1013.25 ஹெக்டோபாஸ்கல் எனும் பொது அளவை அடிப்படையாக உடையது. ஜி.பி.எஸ். கூறும் உயரம் வேறு முறையில் அளந்தது. இரண்டையும் ஒப்பிடுவது, ஒருவர் முழத்தாலும் மற்றவர் மீட்டராலும் அளந்த துணியை எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒப்பிடுவது போன்றதாகும். எதிரே வருபவர் எந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறாரோ அதனையே நாமும் கொள்ள வேண்டும்.

மற்றொன்று வேடிக்கையானது. தம் விமானத்தின் அடையாள எண்ணைக் கருவிக்குக் கூற மறந்துவிட்டால், தம் விமானத்தின் அறிவிப்பையே அது வேறொருவருடைய குரலாகக் கேட்கும். "உன் மேலேயே ஒரு விமானம் வருகிறது!" என்று திரை எச்சரிக்கும். தன் குரலைத் தானே அறியாதவன் தன் நிழலைக் கண்டே அஞ்சுவான். இருபத்துநான்கு இலக்க எண்ணால் 1 கோடியே 67 இலட்சத்திற்கும் மேற்பட்ட விமானங்களை வேறுபடுத்தலாம். அவற்றுள் தன் எண் எது என்று சொல்லிவைப்பது கருவியை அமைப்பவரின் கடமை.

அம்மாணவனிடம் ஒரு வழியாக இவற்றையெல்லாம் கூறி முடித்தோம். விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்வான் என எதிர்பார்த்தோம். அவனோ சற்று எண்ணிவிட்டு, "அப்படின்னா பேசாத விமானத்தை இது எப்படிக் கண்டுபிடிக்கும், ஐயா?" என்றான். நாம் தலைமையாசிரியர் ஆன நாளிலிருந்து இத்துணை நல்ல வினாவைக் கேட்டதில்லை. நம் உரையின் உயிர்நிலையே அவ்வினாதான்.

கண்டுபிடிக்காது என்பதே விடை. குரல் கொடுப்பவரை மட்டுமே செவி அறியும். அக்கருவியைப் பொருத்தாத பழைய விமானம், மின்கருவி ஏதும் இல்லாத மிதவை விமானம், பலூன், பறவை ஆகியன நேரடியாக அதன் செவியில் விழா. 978இல் பேசுபவரும் 1090இல் பேசுபவரும் தமக்குள் ஒருவர் குரலை மற்றவர் கேளார். ஆகவேதான் செவிகள் இரண்டு வேண்டியிருந்தன. விமானத்தின் உலோக உடலும், ஓட்டுபவரின் உடலும்கூட ஆன்டெனாவுக்கு நிழலாக நின்று ஒரு திசையின் குரலை மறைக்கும். திரையில் தெரிவதும் சில நொடிகளுக்கு முன்பிருந்த நிலையே.

இன்னும் ஒன்று. அமெரிக்காவில் தரை நிலையங்கள், ராடார் கண்ட விமானங்களையும் வேறு அலைவரிசையில் பேசும் விமானங்களையும் மீண்டும் ஒலிபரப்பி உதவுகின்றன. ஆனால் தானும் குரல் கொடுக்கும் விமானத்தைச் சுற்றியே, ஏறத்தாழ 28 கிலோமீட்டர் ஆரமும் மேலும் கீழும் 3,500 அடியும் கொண்ட பகுதிக்கே அவ்வுதவி அமைகிறது. தான் பேசாமல் கேட்க மட்டும் செய்பவரின் திரையில், அருகே வேறு யாருக்கோ அனுப்பப்பட்ட செய்தியின் துண்டு துணுக்குகள் விழும். அவர் அதனை முழுப்படம் என்று நம்பிவிடுவார். ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட, பாதி தெரிந்து முழுதும் தெரிந்ததாக எண்ணுவது கொடிது. மேலும், வீட்டில் செய்த இக்கருவி கேட்கவே செய்யும், பேசாது. அதை வைத்திருப்பதனால் மற்றவர் நம்மைக் காண்பர் என்று எண்ணுதல் பெரும் பிழை.

இக்குறையின் விலை என்ன என்பதை 2025ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் இரவு உலகம் கண்டது. வாஷிங்டன் நகரின் பொட்டோமாக் ஆற்றின்மேல், தரையிறங்க வந்த பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் மாண்டனர். அந்நேரத்தில் அந்த ஹெலிகாப்டர் ஏ.டி.எஸ்.-பி. அறிவிப்பைச் செய்துகொண்டிருக்கவில்லை. அது ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. இத்தகைய பேரிடருக்குக் காரணங்கள் பல. எனினும், எவ்வளவு வளர்ந்த நாட்டின் தலைநகரிலும், குரல் கொடுக்காதவர் ஒருவர் இருளில் இருப்பார் என்பதை அது நினைவூட்டியது.

ஆகவே, கருவி வெறுமையாகக் காட்டினால் வானம் வெறுமை என்று பொருள் கொள்ளலாகாது. கருவியை வைத்திருப்பவரும் கண்ணை வெளியே வைத்தே பறக்க வேண்டும். எங்கே பார்ப்பது என்று கருவி கூறும். பார்க்க வேண்டியது கண்ணே. 4 மில்லிமீட்டர்ப் புள்ளியைப் பரந்த வானில் தேடுவதற்கும், "வலப்புறம், சற்று மேலே, 5 கிலோமீட்டரில்" என்று அறிந்து தேடுவதற்கும் உள்ள வேறுபாடே இக்கருவியின் பயன். அப்பயன் சிறிதன்று. 12.5 விநாடிகள் போதாத இடத்தில் கூடுதல் நேரத்தை அது ஈட்டித் தருகிறது.

இளைஞர்களே! இக்கருவியின் குறைகளை யார் நன்கு அறிவார் என்று எண்ணிப் பாருங்கள். அதனைத் தன் கையால் செய்தவரே அறிவார். கடையில் வாங்கிப் பொத்தானை அழுத்துபவருக்குத் திரை தெய்வ வாக்காகத் தோன்றும். கம்பியை 6.9 சென்டிமீட்டருக்கு வெட்டியவருக்கோ, அக்கம்பி எதைக் கேட்கும், எதைக் கேளாது என்பது தெரியும். வெயிலில் கண்ணாடியருகே வைத்த பெட்டி சூடேறி நின்றுவிட்டதைக் கண்டவர், மின்விசிறி ஏன் வேண்டும் என்று அறிவார். தரையில் பலமுறை சோதித்து, நண்பரின் விமானம் திரையில் எப்போது மறைகிறது என்று குறித்து வைத்தவர், வானில் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அறிவார். செய்து கற்பதன் பெரும் பயன் பணம் மிச்சமாவது அன்று. எதை நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்று தெளிவதேயாகும்.

தம் கையால் விமானத்தையே கட்டுவோர்க்கு அமெரிக்கச் சட்டம் இடமளிக்கிறது. விமானத்தின் பெரும்பகுதியைத் தம் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ உருவாக்கியோர் என்பதே அச்சட்டத்தின் சொற்பொருள். கல்வி எனும் சொல் சட்டத்திலேயே இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். அத்தகையோர் 1953ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டனர். ஒருவர் கற்றதை மற்றவர்க்குக் கூறுவதே அதன் உயிர். கட்டுபவர் தம் பிழையை மறைப்பதில்லை; பிறர் அதே பிழையைச் செய்யாதிருக்க எழுதி வைக்கின்றனர்.

பின்லாந்துக்காரர் கண்டதை அவர் பூட்டி வைக்கவில்லை. இத்தாலிக்காரர் எழுதியதை அவர் மறைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கென மலிவாக ஆக்கினர். அதனாலேயே எங்கோ ஒரு சிற்றூர் விமானி தன் மேசைமேல் உயிர்காக்கும் கருவியைச் செய்ய முடிந்தது. அறிவு சிலர் வீட்டுப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த காலத்தின் துன்பத்தை நம் பாட்டன்மார் அறிவர். அப்பூட்டைத் திறக்கத்தான் இக்கழகமும் அதன் இரவுப் பாடசாலையும் தோன்றின. ஆதலால் திறந்த அறிவின் அருமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதனைப் பெற்றவர்க்கு ஒரு கடமையும் உண்டு. கற்றதை அடுத்தவர்க்குத் தெளிவாக எழுதிக் கொடுத்தல் வேண்டும். நிறையோடு குறையையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஆர்வத்தினால் இதனை உடனே செய்துபார்க்க எழும் இளைஞர் இருப்பீராயின், நம் நாட்டில் வானொலிக் கருவிகளுக்கும் விமானத்தில் கொண்டு செல்லும் கருவிகளுக்கும் சட்ட விதிகள் உண்டு என்பதை மறவாதீர். விதியை அறிந்து, உரிய இசைவு பெற்று, தக்க ஆசிரியரின் துணையோடு தொடங்குங்கள். அதுவரை அடிக்கோலும் கணக்கும் போதும். நாம் அவற்றைக் கொண்டே பாதி கற்றோம்.

அம்மாணவன் இப்போது பத்தாம் வகுப்பில் பயில்கிறான். பேசாத விமானத்தை அறிய என்ன வழி என்று அவன் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறான். நமக்கும் முழு விடை தெரியாது. கழகத்தின் பொன்விழாவில் அவனைப் போன்ற ஒருவர் இம்மேடையில் நின்று அவ்விடையைக் கூறுவார் என்று நம்புகின்றோம். அதற்கு நாம் செய்யத்தக்கது ஒன்றே: பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கேட்கும்போது, "பாடத்தைப் படி" என்று அடக்காமல், "வா, தேடுவோம்" என்று உடன் நிற்பது.